சூடு, குளிர்ச்சி, நம் சோற்றுத் தட்டு



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் குடும்பங்களையும், அங்கே பிறந்து வளர்ந்து இன்று கீழே பட்டணங்களில் வாழும் குடும்பங்களையும் மனத்தில் வைத்து இன்றைய பேச்சை அமைத்துக்கொள்கிறோம். இதை உண்ணலாம், அதை உண்ணக்கூடாது என்று நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்படும் நம்பிக்கைகளே இன்று நாம் எடுத்துக்கொள்ளும் பொருள்.

கேமரன் மலை நமக்குப் புதிய இடமன்று. 1885-ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் அந்த மலைப்பகுதியைச் சுற்றிப் பார்த்தார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் வேறு தோட்டங்களும் எழுந்தன. அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்து, லயத்து வீடுகளில் குடியிருந்து, பிள்ளைகளை வளர்த்தவர்களில் மிகப் பலர் தமிழர்கள். அவர்கள் கப்பலில் கொண்டுவந்த மூட்டை சிறியது. மனத்தில் கொண்டுவந்ததோ மிகப் பெரிது. தெய்வங்கள் வந்தன, பாட்டுகள் வந்தன. சூடு, குளிர்ச்சி, வாய்வு, பித்தம், பத்தியம் என்ற சொற்களும் வந்தன. அம்மியும் குழவியும் மறைந்த வீடுகளில்கூட அந்தச் சொற்கள் இன்னும் மறையவில்லை.

இந்த நம்பிக்கைகள் நமக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டாம். நம் சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்று பேசுகிறது. பழங்காலக் கிரேக்க மருத்துவர்களும் பின்னர் அரபு நாட்டு மருத்துவர்களும் சூடு, குளிர்ச்சி பற்றியே பேசினார்கள். நம் அண்டை வீட்டு மலாய்த் தாய், பிள்ளை பெற்றால் பந்தாங் காக்கிறாள். சீனத் தாய் ஒரு மாதம் வீட்டுக்குள் இருந்து இஞ்சியும் கோழியும் உண்கிறாள். நம் தாய் நாற்பது நாள் பத்தியம் இருக்கிறாள். உடம்பைக் காக்க வேண்டும் என்ற கவலை எல்லாருக்கும் ஒன்றுதான். ஆகவே, இவை எல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. பெரியவர்கள் சொன்னதெல்லாம் சரியே என்று கண்ணை மூடிக்கொள்வதும் அறிவுடைமை ஆகாது.

இதற்கு இந்த மலாய் மண்ணிலேயே நடந்த ஒரு வரலாற்றைச் சொல்கிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் வீங்கும், நரம்பு தளரும், நடக்க முடியாது, கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் இந்த நோயால் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். ஆனால் அதே நாட்டில், அதே வெயிலில், அதே வறுமையில் வாழ்ந்த தமிழர்களை இந்த நோய் அதிகமாகத் தொடவில்லை. இது ஏன்?

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் உண்டது நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. வேற்றுமை அரிசியில் இருக்கிறது என்றார் அவர். அதன்பின் பிளெட்சர் என்ற மருத்துவர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905-ஆம் ஆண்டு இறுதியிலிருந்து ஓராண்டுக் காலம் ஒரு சோதனை நடத்தினார். ஒரு பகுதி நோயாளிகளுக்கு வெள்ளையரிசி, மறு பகுதியினருக்குப் புழுங்கலரிசி. வெள்ளையரிசி உண்டவர்களில் பலருக்குப் பெரிபெரி கண்டது. பதினெட்டுப் பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்டவர்களில் அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. கட்டடத்தில்தான் நோய் ஒட்டியிருக்கிறதோ என்ற ஐயத்தைத் தீர்க்க, நடுவில் இரண்டு பகுதியினரையும் இடம் மாற்றி வைத்தார். நோய் கட்டடத்தோடு நிற்கவில்லை; அரிசியின் பின்னாலேயே போயிற்று.

நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது, தவிட்டில் உள்ள ஒரு சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடாது. இன்று அந்தச் சத்தைத் தயமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் சொல்கிறோம். நெல்லை அவித்த நம் பாட்டிமாருக்கு வைட்டமின் என்ற பெயர் தெரியாது. புழுங்கல் வயிற்றில் நிற்கும், உழைக்கிறவனுக்கு ஏற்றது என்ற அளவில்தான் தெரியும். காரணம் தெரியாமலே அந்தப் பழக்கம் எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்களின் உயிரைக் காத்தது.

நேயர்களே, இந்த வரலாற்றைச் சொன்னது நம்மை நாமே புகழ்ந்துகொள்வதற்காக அன்று. ஒரு பழக்கம் பழையதா புதியதா என்று பார்ப்பதைவிட, அது உடம்புக்கு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே சொன்னோம். அதைப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. அந்தப் பழக்கம் தட்டில் உணவைச் சேர்க்கிறதா, தட்டிலிருந்து உணவை எடுக்கிறதா? எடுக்கிறது என்றால், யாருடைய தட்டிலிருந்து எடுக்கிறது? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பழக்கங்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

முதலில் குளிர்ச்சி என்ற நம்பிக்கை. தானா ராத்தா கடல் மட்டத்துக்கு 1,400 மீட்டருக்கும் மேல் இருக்கிறது. விடியற்காலையில் பனி இறங்கும். மழை வந்தால் உடம்பு நடுங்கும். ஊரே குளிர்; இதில் குளிர்ச்சியான உணவும் சேர்ந்தால் சளி பிடிக்கும் என்று தயிரை விலக்குகிறோம்; ஆரஞ்சு, கொய்யா, வெள்ளரி, பூசணி, சில கீரைகள் எல்லாவற்றையும் விலக்குகிறோம். நாடு முழுவதற்கும் முட்டைக்கோசும் தக்காளியும் கீரையும் கேமரன் மலையிலிருந்து லாரி லாரியாக இறங்குகின்றன. அந்த மலையிலேயே வாழும் பிள்ளையின் தட்டில் சோறும் குழம்பும் ஒரு வறுத்த கருவாடும் மட்டும் இருந்தால் அது வருத்தப்பட வேண்டிய செய்தி அல்லவா?

சளியும் இருமலும் கிருமிகளால் வருகின்றன. சன்னலை அடைத்த சிறிய அறையில் பலர் நெருங்கிப் படுக்கும்போதும், அடுப்புப் புகை வீட்டுக்குள் தங்கும்போதும் அவை அதிகமாகப் பரவுகின்றன. கொய்யாப் பழம் சளியைக் கொண்டுவருவதில்லை. பழம் சில்லென்று இருந்தால் சற்று நேரம் வெளியே வைத்துக் கொடுங்கள். தயிரில் கடுகு, இஞ்சி தாளித்துக் கொடுங்கள். பெரியவர்களின் சொல்லையும் மதித்ததாயிற்று. பிள்ளைக்குச் சத்தும் கிடைத்ததாயிற்று. காய்கறிகளுக்கு மருந்து தெளிப்பதால், ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, பிறகு நறுக்குங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

குளிருக்கு இதமாக இருக்கும் என்று மது அருந்துகிறவர்களும் உண்டு. மது உள்ளே போனதும் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால் உடம்பு சூடாவது போலத் தோன்றுகிறது. உண்மையில் உடம்பின் உள்ளே இருந்த சூடு தோல் வழியாக வெளியே போய்விடுகிறது. சூட்டையும் இழந்து, வீட்டுச் செலவுக்கான பணத்தையும் இழப்பதுதான் மிச்சம். அது யாருடைய தட்டிலிருந்து எடுக்கிறது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும் தாயைப் பார்ப்போம். நன்றாகச் சாப்பிட்டால் பிள்ளை பெரிதாகிவிடும், பிரசவம் கடினமாகும் என்று சிலர் அவளுக்குச் சோற்றைக் குறைக்கிறார்கள். பப்பாளி, அன்னாசி, எள் ஆகியவற்றைச் சூடு என்று விலக்குகிறார்கள். பச்சைப் பப்பாளிக்காயின் பாலைப் பற்றிய எச்சரிக்கையில் பொருள் இருக்கிறது. அதைத் தவிர்ப்பது நல்லது. நன்கு பழுத்த பப்பாளிக்கு அந்த அச்சம் பொருந்தாது. தாய்க்கு உணவைக் குறைத்தால் எடை குறைந்த பிள்ளை பிறக்கும், தாய்க்கும் வலுவிருக்காது. பிரசவம் கடினமாகுமா என்பதைத் தீர்மானிப்பது கிளினிக்கில் செய்யும் பரிசோதனை. பட்டினி அதற்கு மருந்தாகாது.

பிள்ளை பிறந்தபின் நாம் கொடுக்கும் பத்தியத்தில் நல்லது நிறைய உண்டு. சுக்கு, மிளகு, பூண்டு, மஞ்சள் சேர்த்த மருந்துக் குழம்பு, சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, வேலை செய்யாமல் ஓய்வு. இவை தட்டில் சேர்க்கும் பழக்கங்கள். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடித்தால் வயிறு வைத்துவிடும் என்று தாகத்துக்குத் தண்ணீர் மறுப்பதும், பழமும் காயும் முட்டையும் வாரக்கணக்கில் கொடுக்காமல் இருப்பதும் தட்டிலிருந்து எடுக்கும் பழக்கங்கள். பால் சுரக்க வேண்டிய உடம்புக்குத் தண்ணீர் வேண்டாமா? கிணற்றில் ஊற்று அடைத்துவிட்டு வாளியை இறக்கினால் என்ன கிடைக்கும்?

பிறந்த குழந்தைக்கு முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுகிறவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அந்தப் பால்தான் குழந்தையை நோயிலிருந்து காக்கும் முதல் காவல். அதைக் கொட்டிவிட்டு, சேனை என்று தேனையோ சீனித் தண்ணீரையோ தொட்டு வைப்பது சரியன்று. ஒரு வயது நிறையும் வரை குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் உயிருக்கே ஆபத்து. சேனை வைக்கும் பெரியவரின் ஆசி குழந்தைக்கு வேண்டும். அவர் கையால் குழந்தையை எடுத்துத் தாயின் மார்பில் சேர்க்கட்டும். அதைவிட நல்ல ஆசி இல்லை.

டின் பாலைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1939-இல் சிங்கப்பூரில் பேசிய பேச்சு ஒன்று உலகப் புகழ் பெற்றது. சீனி சேர்த்த டின் பாலைக் குழந்தைகளுக்கு ஏற்ற உணவு என்று விற்பது கொலைக்குச் சமம் என்று அவர் அன்று துணிந்து சொன்னார். அந்த டின்னில் இன்றும் இருப்பது பெரும்பாலும் சீனியே. தேத்தண்ணீரில் ஊற்றும் பால் குழந்தையின் உணவாகாது.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்கிறோம்? பல் முளைக்கிறது என்கிறோம், மாந்தம் என்கிறோம், கண்ணேறு என்று சுற்றிப் போடுகிறோம். சுற்றிப் போடுவதால் கெடுதல் இல்லை. வயிற்றைக் காயப்போட வேண்டும் என்று பாலையும் தண்ணீரையும் நிறுத்துவதுதான் கெடுதல். குழந்தை இறப்பது பெரும்பாலும் உடம்பில் நீர் வற்றிப்போவதால். கிளினிக்கில் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இருந்தால் அதையே கரைத்துக் கொடுங்கள். அது கையில் இல்லாவிட்டால், கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைக் குவிக்காமல் தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு கூடிவிடக் கூடாது. இதைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், உண்ணும் பிள்ளைக்குக் கஞ்சியும் சோறும் நிறுத்தாதீர்கள். கண் குழி விழுந்தால், சிறுநீர் குறைந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், குழந்தை சோர்ந்து துவண்டால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அம்மை வந்தால் மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டுகிறோம். வீட்டுக்குள் வெளியார் வருவதில்லை. பிள்ளை வெளியே போவதில்லை. வீடு சுத்தமாக இருக்கிறது. பிள்ளைக்கு ஓய்வு கிடைக்கிறது. ஒட்டுநோய்க்கு இவை நல்ல காவல்கள்தாம். பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என்று 1980-ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதை ஒழித்தது தடுப்பூசி. தட்டம்மைக்கும் இன்று தடுப்பூசி இருக்கிறது. அம்மன் பெயரைச் சொல்லி மருத்துவரிடம் போகாமல் இருப்பதை எந்தத் தாய்த் தெய்வமும் விரும்பாது. மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் இறங்காவிட்டாலோ, வேப்பிலையோடேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

இனி, நம் கையால் பறித்த தேயிலைக்கு வருவோம். தேத்தண்ணீர் கெட்ட பொருளன்று. எப்போது குடிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தேயிலையின் துவர்ப்பு பிடித்துக்கொள்கிறது. சோற்றோடு சேர்த்துக் குடிக்கும் ஒரு கோப்பைத் தேநீர், அந்தச் சத்தைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடக்கூடும். 2019-ஆம் ஆண்டு நாடு தழுவி நடந்த சுகாதார ஆய்வில், பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் பத்துக்கு ஏறத்தாழ மூவருக்கு இரத்தச் சோகை இருப்பது தெரிந்தது. மேடு ஏறும்போது மூச்சு வாங்குவதும் தலை சுற்றுவதும் மலைக்காற்றின் குற்றம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். பல பெண்களுக்கு அது இரத்தக் குறைவு. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னரோ பின்னரோ தேநீர் குடியுங்கள். கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். அல்லது ஒரு கொய்யாத் துண்டு உண்ணுங்கள். அது இரும்புச் சத்தை உடம்பில் சேர்க்கும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையையும் தேநீரோடு விழுங்காதீர்கள். அந்த மாத்திரை சூடு, பிள்ளை கறுத்துவிடும் என்று அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். மாத்திரையால் மலம் கறுக்கும், பிள்ளை கறுக்காது.

தேநீரில் போடும் சீனியும் கவனிக்க வேண்டியது. முன்பு நம்மவர்கள் விடியலில் பெரட்டுக்குப் போய், கூடை சுமந்து மேடும் பள்ளமும் ஏறி இறங்கினார்கள். உண்ட சோறு உழைப்பில் கரைந்தது. இன்று கொழுந்து வெட்டப் பல இடங்களில் இயந்திரம் வந்துவிட்டது. பிள்ளைகள் பட்டணத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். சோற்றின் அளவும் சீனியின் அளவும் மாறவில்லை. விருந்தினருக்குச் சீனி குறைத்துக் கொடுத்தால் கஞ்சத்தனம் என்ற எண்ணமும் மாறவில்லை. நான் மேலே சொன்ன அதே 2019 ஆய்வின்படி, இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது நூற்றுக்கு 31. புழுங்கலரிசியால் பெரிபெரியிலிருந்து தப்பிய நம் மக்கள், இன்று வெள்ளைச் சோற்றாலும் சீனித் தண்ணீராலும் காலையும் கண்ணையும் இழக்கலாமா? உபசரிப்பு சீனியின் அளவில் இல்லை, முகத்தின் மலர்ச்சியில் இருக்கிறது என்பதை நம் வீட்டுக் கோப்பையிலிருந்தே தொடங்குவோம்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மாமியாரோடு வாதாடி இவற்றை மாற்ற முடியாது. கிளினிக்குக்குப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். தாதி சொல்வதை அவர் தம் காதால் கேட்கட்டும். பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அறிந்த முருங்கையும் மிளகும் பூண்டும் இந்தக் குடும்பத்தின் சொத்து. அவற்றை எழுதி வைக்கச் சொல்லுங்கள். எதை உண்ணக்கூடாது என்ற பட்டியலைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள்.

இன்று கேமரன் மலையில் வங்காளதேசத்தவரும் நேப்பாளத்தவரும் இந்தோனேசியரும் வேலை செய்கிறார்கள். நம் தாத்தாக்களைப் போலவே அவர்களும் சிறிய மூட்டையோடும் பெரிய நம்பிக்கைகளோடும் வந்தவர்கள். அவர்களுக்கும் சூடு உண்டு, குளிர்ச்சி உண்டு, தாயைப் பிரிந்த ஏக்கம் உண்டு. நாம் கற்றுக்கொண்டதை அவர்களோடும் பகிர்ந்துகொள்ளலாம்.

தாய்மார்களே, இன்று இரவு சோறு பரிமாறும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். வீட்டில் யாருடைய தட்டு குறைவாக இருக்கிறது? கர்ப்பிணியின் தட்டா, பிள்ளை பெற்றவளின் தட்டா, நோயில் கிடக்கும் குழந்தையின் தட்டா, எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காரும் உங்கள் தட்டா? அந்தத் தட்டில் ஒரு கரண்டி கீரையைக் கூடுதலாக வையுங்கள். தேத்தண்ணீரைச் சற்று நேரம் கழித்துக் குடித்துக்கொள்ளலாம்.